கறுப்பு பெயின்ட்டுக்குக் கீழே உப்பு: வடசென்னையில் வண்டி சேசிஸ் ஏன் சீக்கிரம் போகிறது?

எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று வாங்கும் சான்றிதழுக்கு, தேதி நெருங்கினால் வண்டியின் அடியில் கறுப்பு பெயின்ட் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மணலி, மாதவரம், திருவொற்றியூர் சாலையோர ஷெட்டுகளில் லாரியையும் குட்டி யானையையும் நிறுத்துவார்கள். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸில் ஒட்டியிருக்கும் சேற்றைச் சாக்கால் தட்டிவிட்டு, கம்ப்ரசரை ஓடவிட்டு, அரை மணி நேரத்தில் அடி முழுவதையும் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். வாடகை வண்டி, லோடு வண்டிகளுக்கு 8 வயதுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குமேல் ஆண்டுக்கு ஒருமுறை. ஆக, வண்டி பழசாகப் பழசாக பெயின்ட் கூடிக்கொண்டே போகும். பத்து வயது வண்டியின் சேசிஸை உளியால் சுரண்டிப் பாருங்கள், வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகக் கழன்று வரும். ஒவ்வொரு கறுப்புத் தோலுக்கும் உள்பக்கம் செம்மண் நிறத்தில் பொடி ஒட்டியிருக்கும்.

எங்கள் வீட்டு வண்டியும் அப்படித்தான் பளபளத்துக்கொண்டிருந்தது. அப்பா காசிமேட்டிலிருந்து மீன் லோடு ஏற்றுவார். ஒரு எஃப்.சி.கூடத் தவறியதில்லை. ஒன்பதாவது வருஷம், எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னால் டம்மென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இடதுபக்க ஸ்பிரிங் பிராக்கெட், சேசிஸில் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு தொங்குகிறது. மெதுவாகப் போனதால் ஆள் தப்பித்தார்.

தண்டையார்பேட்டையில் அப்பாவுக்குப் பழக்கமான டிங்கர் அண்ணன் ஒருவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சின்னச் சுத்தியலால் சேசிஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கேபினுக்குக் கீழே டிங், டிங் என்று வந்த சத்தம், பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் தொப், தொப் என்று மாறிவிட்டது. அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். வெந்த பனங்கிழங்கில் இறங்குவதுபோல இறங்கியது. “பெயின்ட்டு சூப்பராத்தான் கீது தம்பி. உள்ள இரும்புதான் இல்ல. உப்பு துன்ட்டுச்சு” என்றார்.

துரு தின்றுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. உப்பு தின்றுவிட்டது என்றார். அன்றைக்கு அதைப் பேச்சு வழக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான், அதைவிடத் துல்லியமாக இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது என்று புரிந்தது. வடசென்னையில் சேசிஸைக் காப்பாற்றும் வேலை நல்ல தண்ணீரில் தொடங்க வேண்டும். பெயின்ட் அதற்கு ரொம்பப் பிறகு வருகிற சங்கதி.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்த ஈரத்துக்குள் நடப்பது ஒரு சின்ன மின்சார வேலை. இரும்பின் ஒரு புள்ளி எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகிறது. பக்கத்துப் புள்ளியில் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் ஓட ஈரம்தான் கம்பி. மழைத்தண்ணீர் மோசமான கம்பி, அதில் ஓட்டம் மந்தம். உப்புத்தண்ணீர் நல்ல கம்பி.

உப்பின் கொடுமை அதோடு நிற்பதில்லை. உப்பிலுள்ள குளோரைடு, கரைந்து வரும் இரும்போடு சேர்கிறது. அந்தச் சேர்மம் தண்ணீரும் காற்றும் பட்டுத் துருவாக மாறும்போது குளோரைடு மறுபடி விடுபட்டு, அமிலமாகி, அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. முதல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் கடன் மாதிரி. ஒருமுறை குழிக்குள் போய் உட்கார்ந்த உப்பு, நாம் கழுவி எடுக்கும்வரை தின்றுகொண்டேதான் இருக்கும்.

அந்த உப்பு வண்டியைக் காயவும் விடாது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவது இதனால்தான். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். நம் கடற்கரையோரத்தில் காற்று அவ்வளவு வறண்டுபோகும் நாள் அபூர்வம். சித்திரை வெயிலில் சேசிஸைத் தொட்டால் சுடும், காய்ந்துகிடப்பதுபோலத் தெரியும். ஆனால் இரும்பின் மேலுள்ள உப்புப் படலத்துக்குள் ஈரம் இருந்துகொண்டேயிருக்கும். ‘மழையே இல்லையே, எப்படித் துருப்பிடித்தது?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கடற்கரை தென்சென்னையிலும் இருக்கிறதே, வடக்கில் மட்டும் ஏன் இவ்வளவு கடுமை? இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை உண்டு. நம் கரையோரம் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் தாண்டிவரை கடல் கரையை அரித்து, தெருத்தெருவாக விழுங்கியது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். மெரினாவில் அலை பரந்த மணலில் சரிந்து அடங்குகிறது. காசிமேட்டுக்கு வடக்கே அது கல்லில் மோதிச் சிதறுகிறது. சிதறும் ஒவ்வோர் அலையும் காற்றில் உப்புத் துளியைத் தூவுகிறது. கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் அந்த உப்பில் பெரும்பங்கு படியும். நம் விரைவுச் சாலையோ கல்சுவரை ஒட்டியே ஓடுகிறது. அதில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன.

உப்போடு நிலக்கரித் தூளும் சாம்பலும் சேர்கின்றன. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970லிருந்து 2017வரை ஓடியது. வடசென்னை அனல் மின்நிலையம் 1990களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969லிருந்து இயங்குகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகும், துருவை விரைவுபடுத்தும். சாம்பலும் தூளும் சேசிஸின் மூலைமுடுக்கில் படிந்து பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாட்டின் பெரிய லாரித் தொழிற்சாலை ஒன்றும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றும் இதே எண்ணூரிலும் திருவொற்றியூரிலும்தான் 1950களில் வளர்ந்தன. வண்டி பிறந்த ஊரே வண்டிக்குப் பகையான ஊராகவும் அமைந்துவிட்டது.

எவ்வளவு வேகத்தில் தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரவிதி, ஒரு சூழலில் பெயின்ட் இல்லாத இரும்பு முதல் வருஷத்தில் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கரைகிறது என்பதை வைத்து ஊர்களை வகைப்படுத்துகிறது. நடுத்தரமான சி3 வகையில் 25 முதல் 50 மைக்ரான். கடலோரத் தொழிற்பகுதிகள் பொதுவாக விழும் சி5 வகையில் 80 முதல் 200 மைக்ரான். 100 என்றே வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் தகட்டை இரண்டு பக்கமும் உப்பு பிடித்தால் வருஷத்துக்கு 0.2 மில்லி போகும். திறந்த இடத்தில் போகப்போக இந்த வேகம் குறையும். மடிப்பிலும் இரட்டைத் தகட்டின் இடுக்கிலும் குறையாது, ஏனென்றால் அங்கே மழைகூட உப்பைக் கழுவுவதில்லை. அதனால்தான் சேசிஸ் சீராகத் தேய்வதில்லை, ஓரிடத்தில் ஓட்டை விழுகிறது. கடலோரத்தில் இரும்பு படும் பாட்டைக் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் கடற்கரையிலேயே ஆய்வு மையம் வைத்துப் பல ஆண்டுகளாகப் படித்துவந்திருக்கிறது. இந்த அறிவுக்கு நாம் வெளிநாட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

மீன் வண்டியின் பாடு இன்னும் தனி. ஐஸ் உருகிய தண்ணீர், கடல்நீர், மீன் ரத்தம் எல்லாம் கலந்து பெட்டியிலிருந்து வழிந்து, தளத்துப் பலகையின் இடுக்கு வழியாக நேரே சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் மேல் விழுகிறது. விடிகாலை லோடு ஏற்றிக் கோயம்பேடு, சிந்தாதிரிப்பேட்டை என்று சுற்றி வீடு திரும்புவதற்குள் அது காய்ந்து பிசினாகிவிடும். அதற்கு மேல்தான் எங்கள் வீட்டில் ஒவ்வோர் எஃப்.சி.க்கும் கறுப்பு அடித்திருக்கிறோம்.

உப்பின் மேல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? ஊறுகாய் போடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடி நிறையத் தண்ணீர் நிற்கும், உப்பு மாங்காயின் சதை வழியாக நீரை இழுத்திருக்கும். எந்தப் பெயின்ட்டும் முழுக்க அடைப்பானது இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈரத்தை உள்ளே விடும். அடியில் மாட்டிய உப்பு அந்த ஈரத்தை இழுத்து இழுத்துக் கொப்புளம் கட்டும். உள்ளே துரு வளரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் பொருள் என்பதால் பெயின்ட்டை நெம்பித் தள்ளும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் கறுப்பாக, நன்றாகவே தெரியும். பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால் துரு கண்ணில் பட்டிருக்கும், மழையாவது கொஞ்சம் கழுவியிருக்கும்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. இங்கேயும் வடசென்னைக்காரருக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதை 1960களிலேயே தொடங்கிவிட்டது. கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். வாட்டர் வாஷ் கடையில் அந்தத் தண்ணீரைப் பிரஷரில் அடித்தால், போகாத இடுக்குக்கெல்லாம் உப்பை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். கடைக்காரரிடம் தண்ணீர் எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்ட ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் பையன்களிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவுதான். அதில் 500க்குக் கீழே காட்டும் தண்ணீர் போதும். மெட்ரோ தண்ணீர் நல்லது. மழை நாளில் மாடியில் பிடித்துவைத்த தண்ணீர் அதைவிட நல்லது.

கழுவும்போது வெளிப்பக்கம் பளிச்சென்று ஆவதில் மயங்க வேண்டாம். நீர் போக வேண்டிய இடங்கள் சேசிஸின் உள்மடிப்பு, கிராஸ் மெம்பர் சேரும் மூலை, ஸ்பிரிங் பிராக்கெட்டின் மேல்பக்கம், டீசல் டேங்க் பட்டையின் அடி, பேட்டரி தட்டின் கீழ். பேட்டரி அமிலம் சொட்டுவதால் கடைசி இடம் எப்போதும் மற்றதைவிட மோசமாக இருக்கும்.

காய்ந்தபின் சுத்தியல். டிங்கர் அண்ணன் செய்ததை யாரும் செய்யலாம், காது போதும். கெட்டியான இடம் மணிபோல ஒலிக்கும், அடுக்குத் துரு ஏறிய இடம் மந்தமாக ஒலிக்கும். ஓட்டை விழும் நிலையில் இருந்தால் சுத்தியல் பட்டதும் செதில் செதிலாக உதிரும். வண்டிக்குக் கீழே படுக்கும் முன் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷிலிருந்து தெறிக்கும் ஒரு கம்பித் துண்டு கண்ணுக்குள் போனால் சேசிஸ் கவலையெல்லாம் சின்னதாகிவிடும்.

அடுக்குத் துருவை முதலில் உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்து எடுக்க வேண்டும், பிறகுதான் கிரைண்டர். நேரே கம்பி பிரஷைப் போட்டால் துருவின் மேல்பரப்பு மெருகேறிக் கருஞ்சிவப்பாக மின்னும், சுத்தமாகிவிட்டதுபோலக் கண்ணை ஏமாற்றும். சுரண்டி முடித்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கை பரபரக்கும். இப்போதுதான் இரண்டாவது தடவை கழுவ வேண்டும், ஏனென்றால் குழியின் அடியில் இருந்த உப்பு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. கழுவி, துடைத்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் வெள்ளையாகச் சுரண்டிய இரும்பின் மேல் லேசான மஞ்சள் பூத்திருந்தால் அது ஈரத்தின் வேலை, பரவாயில்லை. புள்ளி புள்ளியாக, கருஞ்செந்நிறமாக, வியர்வை முத்துபோல ஈரம் கட்டியிருந்தால் அங்கே உப்பு இன்னும் இருக்கிறது. அந்த இடத்தை மறுபடி சுரண்டி மறுபடி கழுவ வேண்டும். எனக்குத் தெரிந்த சோதனைகளில் செலவில்லாத, நம்பகமான சோதனை இந்த ஓர் இரவுதான். எஃப்.சி. அவசரத்தில் யாரும் கொடுக்காததும் இதைத்தான்.

துருவை எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றும் பழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. நுரைத்துக்கொண்டு துரு கரைவதைப் பார்க்கும்போது நல்ல மருந்து மாதிரித்தான் தெரியும். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது குளோரைடு. எந்த விஷத்தை வெளியேற்ற இத்தனை பாடுபடுகிறோமோ அதையே திரவமாக இடுக்கில் ஊற்றுகிறோம். அதோடு, ஸ்பிரிங் பட்டை, ஹெவி போல்ட் மாதிரி கடினமான எஃகின் மேல் அமிலம் பட்டால், உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

சுரண்டியும் போகாமல் குழியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்டர் என்ற திரவம் பெயின்ட் கடைகளில் கிடைக்கிறது. அதில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று பாஸ்பாரிக் அமிலம், அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். மற்றொன்று டானிக் அமிலம், அது துருவை நீலம் கலந்த கறுப்புப் படலமாக்கும். இரண்டாவது வேலை நம்மவர்களுக்குப் புதிதே இல்லை. கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். கடுக்காயின் துவர்ப்பு டானின், அன்னபேதி இரும்பு, இரண்டும் சேர்ந்தால் அழியாக் கறுப்பு. கன்வெர்டர் தடவிய துரு கறுத்துவந்தால் அது பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது மேலோட்டமான மெல்லிய துருவை மட்டுமே மாற்றும். செதில் துருவின் மேல் தடவினால் மேல்தோல் கறுக்கும், அடியில் உப்பு பழையபடி வேலை செய்யும். பாஸ்பாரிக் சரக்கு என்றால் மிச்சத்தை, டப்பாவில் சொன்னபடி, நல்ல தண்ணீரால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிரைமர் என்றால் நம் ஊரில் ரெட் ஆக்சைடுதான். வீட்டு கிரில் கதவிலிருந்து லாரிவரை அதே டப்பா. ரெட் ஆக்சைடின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான், துருவின் உறவுக்காரன். அது ஒரு மூடாக்கு. வியாசர்பாடிக்கு உள்ளே, கடலிலிருந்து தள்ளி நிற்கும் கேட்டுக்குப் போதுமாக இருக்கலாம். காசிமேட்டு மீன் வண்டிக்குப் போதாது. இரும்பு வெள்ளையாகத் தெரியும் அளவுக்குச் சுத்தம் செய்ய முடிந்தால் துத்தநாகம் நிறைந்த ஜிங்க் ரிச் எபாக்ஸி பிரைமர் சிறந்தது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரையும் உலோகம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் உப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், இரும்பு பிழைக்கும். அதற்கு ஜிங்க் இரும்பைத் தொட வேண்டும். நடுவில் துருவோ பழைய பெயின்ட்டோ கன்வெர்டரோ இருந்தால் காசு வீண். அவ்வளவு சுத்தம் கையால் வராது, மணலைப் பீய்ச்சி அடிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் வேண்டும். கையால் சுரண்டிய சேசிஸுக்கு ஜிங்க் பாஸ்பேட் கலந்த இரண்டு டப்பா எபாக்ஸி பிரைமர் பொருத்தம். இரண்டாவது டப்பாவிலுள்ள இறுக்கும் சரக்கான ஹார்டனரைக் கலந்தபின் எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது டப்பாவில் இருக்கும், நம் வெயிலில் அதைவிடச் சீக்கிரமே இறுகும்.

காசிமேட்டில் விசைப்படகின் அடியில் ஜிங்க் கட்டை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதையே வண்டியிலும் போல்ட் போட்டு மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பல்களுக்குச் சொன்ன வழி அது. கப்பலில் அது வேலை செய்யக் காரணம், கட்டையும் கப்பலும் ஒரே கடல்நீரில் மூழ்கியிருப்பது. வண்டி காற்றில் நிற்கிறது. ஒரு மூலையில் மாட்டிய கட்டைக்கும் அடுத்த மூலைத் துருவுக்கும் நடுவே தொடர்ச்சியான நீர் இல்லை. பேட்டரியில் இணைத்தால் துருவே வராது என்று விற்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கும் இதே தடங்கல்தான். பிரைமராகப் பூசினால் ஜிங்க் ஒவ்வோர் அங்குலத்திலும் இரும்பைத் தொடுகிறது, அதனால் அங்கே பலிக்கிறது.

பெயின்ட் அடிக்கும் நேரம் பாதி வேலை. ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழேயும், இரும்பின் சூடு பனி இறங்கும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலேயும் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுவான விதி. நம் ஊரில் விடிகாலை இரண்டிலும் தோற்கும். கோடையில் மதியத்தை ஒட்டிக் கடல்காற்று எழுந்தால், காயாத பெயின்ட்டில் உப்பும் சாலைத் தூசியும் வந்து ஒட்டும். காலை ஒன்பது, பத்துக்குத் தொடங்கிக் காற்று எழும்முன் ஒரு பூச்சை முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் கிழக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். தையில் பனி குறைந்தபின் மாசி, பங்குனி தோது.

ஸ்ப்ரே எடுக்கும்முன் பிரஷ் எடுத்து, தகட்டின் விளிம்பு, வெல்டிங் கோடு, போல்ட் தலை, மூலைகளுக்கு மட்டும் ஒரு கோட் கொடுத்துவிட வேண்டும். கூரான விளிம்பில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது, வழிந்து மெலிந்துவிடும், துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். தார் கலந்த அண்டர்கோட்டைக் கெட்டியாகப் பூசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு வருஷத்தில் அது வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய உப்புநீர் தகட்டுக்கும் தாருக்கும் நடுவில் வெளியேற வழியின்றிக் கிடக்கும். சுத்தியலின் சத்தத்தையும் அது மறைத்துவிடும்.

வெளியே செய்யும் இத்தனையும் குழாய்க்குள்ளே எட்டாது. பைக் ஃபிரேம், ஆட்டோவின் அடிக்குழாய், பெட்டிபோல மூடிய கிராஸ் மெம்பர் எல்லாம் உள்ளிருந்து வெளியே துருப்பிடிப்பவை. ஆலையிலேயே அவற்றில் நீர் வடியத் துளை வைத்திருப்பார்கள். சேறும் சாம்பலும் மீன்செதிலும் சேர்ந்து அதை அடைத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற வண்டிகள் பலவற்றில் இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள், இருக்கையைக் கழற்றிக் காயவைத்தார்கள். குழாய்க்குள் தேங்கிய தண்ணீரை எத்தனை பேர் வடித்திருப்பார்கள்? துளையைத் திறந்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஓரிரு நாள் வெயிலில் காயவைத்து, நீளக் குழாய் மாட்டிய கேவிட்டி வாக்ஸ் என்ற மெழுகு ஸ்ப்ரேயை உள்ளே அடிப்பதுதான் வழி. அந்த மெழுகு இடுக்கில் ஊர்ந்து பரவி, இறுகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிப்பது இதற்கு மலிவான மாற்று என்று லாரிக்காரர்கள் நினைக்கிறார்கள். எண்ணெய் ஈரத்தைத் தள்ளும் என்பது உண்மை. கடலோடிகளுக்கு எண்ணெயின் குணம் நன்றாகவே தெரியும். மரப்படகுக்குச் சுறா எண்ணெய் பூசியவர்கள் நம் மீனவர்கள். துருவின் மேல் பூசும் பெயின்ட்டுக்குப் பெயர்பெற்ற ரஸ்ட் ஓலியம் என்ற அமெரிக்கக் கம்பெனி, தன் கதையை மீன் எண்ணெயிலிருந்துதான் தொடங்குகிறது. கப்பல் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் துரு பரவாததை ஒரு கேப்டன் கவனித்தாராம். ஆனால் எரிந்துபோன இன்ஜின் ஆயில் வேறு. அதில் அமிலமும் உலோகப் பொடியும் தோலுக்கு ஆகாத நச்சும் கலந்திருக்கும். ரப்பர் புஷ்களை உப்ப வைத்துவிடும். சொட்டிய எண்ணெய் சாலையில் பரவி, பின்னால் வரும் இரு சக்கர வண்டியை வழுக்கிவிடும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் வலையும் படகும் கறுத்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். வடிகாலில் இன்னும் எண்ணெயை இறக்க வேண்டாம். மெழுகு கட்டுப்படியாகவில்லை என்றால் புது கிரீஸைச் சூடு காட்டி இளக்கித் தடவலாம், அழுக்கு ஒட்டத்தான் செய்யும்.

ஓட்டை விழுந்துவிட்ட சேசிஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டையின் மேல் தகட்டை வைத்து வெல்டிங் வைப்பது கிழிந்த வலையின் ஓரத்தில் முடிச்சுப் போடுவது மாதிரி. சுற்றியுள்ள இரும்பும் மெலிந்திருப்பதால் வெல்டிங் கோட்டை ஒட்டியே மறுபடி பிளக்கும். மணிச் சத்தம் வரும் கெட்டி இரும்புவரை வெட்டி எடுத்துத்தான் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். கனரக லாரிகளின் சேசிஸில் எங்கே வெல்டிங் வைக்கலாம், எங்கே கூடாது என்று கம்பெனி கையேட்டில் விதி இருக்கும், அதைக் கேட்காமல் தொடவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எல்.பி.ஜி. ஆட்டோ என்றால் டேங்க்கை இறக்காமல் தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயின்ட் கருகியிருக்கும் என்பதால், முடிந்த கையோடு அங்கே மெழுகு அடிக்காவிட்டால் அடுத்த ஓட்டை அங்கேதான். இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது. தேய்மானமும் துருவும் பாலிசிக்கு வெளியே வைக்கப்பட்டவை.

எங்கள் வீட்டு வண்டியைச் சரிசெய்யவில்லை. டிங்கர் அண்ணன் நான்கு இடத்தில் சுத்தியலை வைத்துக் காட்டி, “இத்த ரோட்ல வுடாத நைனா” என்று அப்பாவிடம் சொன்னார். கழித்துவிட்டோம்.

இப்போதைய வண்டியில் பெட்டிக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, மீன் தண்ணீரைக் குழாய் வழியாகச் சேசிஸைத் தாண்டிப் பின்னால் ஒரு கேனில் இறங்கும்படி செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் பெரிய வியாபாரம். அது முடிந்து மதியம் வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பிட உட்காருவதில்லை. பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை வளைத்து வைத்திருக்கிறார். கிராஸ் மெம்பரின் ஒவ்வொரு துளையிலும் அதை விட்டுக் குடைந்து, மெட்ரோ தண்ணீர்க் குழாயை மேலே பிடிப்பார். முதலில் சாம்பல் நிறத்தில் இறங்கும், பிறகு கலங்கலாக. குனிந்து உள்ளங்கையில் ஒரு சொட்டுப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் இன்னும் ஒரு குடம்.